மாடியில் மூடாமல் நின்ற பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன் குழம்பு சாப்பிட்ட விரல் இன்னும் மணக்கிறது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் சென்ட்' என்று தட்டி, பக்கத்தில் மாடிக் கணினியின் பெயரைத் தட்டி, அதற்குப் பிறகு சேதியைத் தட்டினேன். தமிழ்தான், எழுத்து மட்டும் ஆங்கிலம். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

"நித்யா நிச்சயதார்த்தம் வரும் ஞாயிறு காலை பத்து மணி. நம் வீட்டிலேயே. குடும்பத்துடன் வரவும்."

என்டர் தட்டினேன். சேதி நல்லபடியாகப் போய்விட்டது என்று ஒரு வரி வந்தது.

நித்யா எங்கள் ஒரே மகள். சேதி போனது என் மச்சான் தனசேகரனுக்கு. என் மனைவி மங்கையின் அண்ணன், நித்யாவுக்குத் தாய்மாமன். ஒரு வேலை முடிந்தது என்று கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்தேன்.

என் வாழ்நாளில் நான் செய்த மடத்தனங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இதை முதல் மூன்றுக்குள் வைப்பேன். மற்ற இரண்டையும் இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதி, வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

ராத்திரி ஷிப்ட்

அது என் மாமனார் கட்டிய வீடு. அவர் காலத்துக்குப் பிறகு மச்சான், "தங்கச்சி கீழ இருக்கட்டும், நான் மேல இருந்துக்கறேன்" என்று அவராகவே எங்களைக் கூப்பிட்டுக் குடிவைத்தார். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

நான் சிதம்பரத்துக்காரன். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் கணினி ஆய்வகத்தில் டெக்னிகல் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். 'வீட்டோட மாப்பிள்ளை' என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னது கிடையாது. ஆனால் யாரும் சொல்லாத அந்த வார்த்தை எனக்கு மட்டும் அடிக்கடி கேட்கும். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதற்கு இது ஒரு காரணம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மச்சான் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து படுத்தார் என்றால் மாலை நான்கு வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது. மிக்சி ஓடக்கூடாது. காலிங் பெல்லுக்குத் துணி சுற்றியிருந்தது. டெலிபோன் மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு, அதனால் மச்சானின் மனைவி கலா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடும். செல்போன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஆலைக்குள் அதற்கு அனுமதி இல்லை என்பதால் மச்சான் அதை அலமாரியில் அணைத்தே வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் இன்டர்நெட் இணைப்பை இரண்டு தளத்துக்கும் பொதுவாக்கலாம் என்று நான் நீலக் கேபிள் ஒன்றை ஜன்னல் கம்பி வழியாக மாடிக்கு ஏற்றினேன். இரண்டு கணினிகளுக்கும் 'மாடி', 'கீழ்' என்று பெயர் வைத்தேன். ஆய்வகத்தில் கற்ற வித்தையை வீட்டிலும் காட்டினேன்.

கீழே நான் சேதியைத் தட்டினால் மாடித் திரையின் நடுவில் ஒரு சாம்பல் பெட்டி வந்து நிற்கும். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு, என்ன சேதி. அடியில் 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்துகிற வரை பெட்டி போகாது. அதற்குள் இன்னொரு சேதி வந்தால் பின்னால் வரிசையில் நிற்கும். முன்னதை மூடினால்தான் பின்னது கண்ணுக்குத் தெரியும். மூடிய சேதி போனது போனதுதான், தேடி எடுக்க முடியாது.

தூங்குகிறவரை எழுப்பாமல் சேதி சொல்ல இதைவிட நல்ல வழி வேறென்ன? மங்கை ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாகத் தட்டினாள். குழம்பு கொடுத்தனுப்பவா, சிலிண்டர் வந்தாச்சா, மோட்டாரைப் போடு, மோட்டாரை நிறுத்து. மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்தது. அந்த வீட்டுச் சேதிகளில் பாதி மோட்டார்தான்.

ஒட்டுமொத்தமாக ஒரு டீ

ஆய்வகத்தில் இந்த வித்தை பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் தட்ட வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டிவிட்டால் சேதி எல்லாக் கணினிகளுக்கும் போய்விடும். ஒரு மாணவன் இது தெரியாமல், "டீ குடிக்கப் போலாம், வா" என்று தட்டிவிட்டான். ஆய்வகம், அலுவலகம், துறைத்தலைவரின் அறை என்று ஒன்று விடாமல் எல்லாத் திரையிலும் டீ. ஐந்தே நிமிடத்தில் துறைத்தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "யாருப்பா கூப்பிட்டது? எனக்குச் சக்கரை கம்மியா சொல்லுங்க" என்றார். பையன் நாற்காலிக்கு அடியில் போகாத குறை.

அவர் நல்ல மனிதர். எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

கிள்ளைக்கு இரண்டு நடை

அழைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் ஒரு தூரத்துச் சொந்தக்காரரை அழைக்கப் போனார். அவர் வீட்டில் இல்லை. இருட்டும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்பா திரும்பி வந்தார். மறுநாள் புது வெற்றிலை வாங்கிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

"பக்கத்து வூட்ல குடுத்துட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"கருமாதிப் பத்திரிகையாடா அது, வாசல்ல சொருவிட்டு வர்றதுக்கு?" என்றார்.

அந்தச் சொந்தக்காரர் கடைசியில் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள். அவர் கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்தின் முதல் வெற்றிலை குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டிக் கூப்பிட வேண்டும். இது தெரிந்த ஆள்தான் நான்.

வழிந்த டேங்க்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவை அழைக்கக் கிளம்பினோம். மங்கை கையில் துணி மூடிய தாம்பாளம். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள்.

"மொதல்ல மேல போயிட்டு வந்துடுவோமே."

"அவுரு இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டாரு. நான்தான் சேதி அனுப்பிட்டேனே."

"சேதியா?" என்றாள். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் கலா துணி உலர்த்திக்கொண்டிருந்தது. தாம்பாளத்தை அது பார்த்ததை நானும் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தேன்.

திங்கள் காலை டேங்க் நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிச் சேதி அனுப்பினேன். தண்ணீர் நின்றபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே சுவர் நனைந்து, என் காய்ந்த சட்டை நனைந்து, கடைசியில் மங்கை ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தாள். அவள் பின்னாலேயே கலாவும் வந்தது.

"அண்ணே, நீங்க அனுப்புன எதுவும் தெரியறதில்ல. நேத்து அனுப்பிச்சீங்களே நிச்சயதார்த்தச் சேதி, அது அப்படியே நடுவுல நிக்குது. அத அழுத்தவே கூடாதுன்னுட்டாரு. என்னையும் கிட்டப் போவாதன்னுட்டாரு."

"ஏன், அழுத்துனா என்னா?"

கலா தயங்கித் தயங்கி, மச்சான் சொன்னதை அப்படியே சொன்னது.

"கன்ட்ரோல் ரூம்ல ஒரு அலாரம் வந்தா, அத அழுத்தி நிறுத்துனவன் பேரு ரிஜிஸ்டர்ல ஏறுமாம். அழுத்துனா 'பாத்துட்டேன், ஏத்துக்கிட்டேன்'னு அர்த்தமாம். 'தாம்பாளத்த நீட்டுனா வாங்கலாம், புடிக்கலன்னா கைய நீட்டாம உக்காந்திருக்கலாம். இதுல ஓகேன்னு ஒண்ணுதான் இருக்கு. மாட்டேன்னு சொல்ல எடம் எங்க இருக்கு? நான் எப்படி அழுத்துறது?' அப்படின்றாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கூப்பிடலன்னு சொல்ல முடியுமா? தேதி போட்டு, மணி போட்டுக் கூப்பிட்டிருக்கேன்!" என்று கத்தினேன். மச்சான் தூங்கும் நேரம் என்பதால் குசுகுசுவென்றுதான் கத்த முடிந்தது. அப்படிக் கத்தினால் கோபம் இறங்குவதில்லை.

கரண்ட்டுக்காக ஒரு வேண்டுதல்

இருந்தது ஆறு நாள். சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வருகிறார்கள். சபையில் தட்டு மாற்றும்போது தாய்மாமன் இல்லை என்றால் முதல் கேள்வி அதுதான். ஊரில் இல்லை என்று பொய் சொல்லலாம் என்றால், எங்கள் தலைக்கு மேலேயே அவர் நடக்கிற சத்தம் கேட்கும். சென்னையில் வேலை பார்த்த நித்யா தினமும் போன் செய்து, "மாமா என்னா சொன்னாரு?" என்று கேட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல எடம், முடிச்சுடுங்க" என்று சொன்னவரும் அவர்.

கரண்ட் போனால் கணினி அணைந்துவிடும், பெட்டியும் போய்விடும். ஆயுசு முழுக்க மின்வெட்டைத் திட்டியவன், அந்தச் செவ்வாயும் புதனும் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவும் போனது. ஆனால் மச்சான் பகல் தூக்கத்துக்காக இன்வர்ட்டர் வைத்திருந்தார். அதிலிருந்து கணினிக்கும் ஓர் இணைப்பு இழுத்துக் கொடுத்த மகா கெட்டிக்காரன் நான்தான். கணினியை அணைத்து வைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஓடுகிற மெஷினைக் காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது என்பது ஆலையில் பழகியது.

அணைக்கிற கட்டளை

வியாழக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே சிதம்பரத்தில் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கணினியை அணைக்கிற கட்டளை ஒன்று உண்டு. மாடிக் கணினியில் எல்லா அனுமதியும் எனக்கு இருந்தது, ஏனென்றால் அமைத்தவனே நான்.

ஐந்து மணிக்குச் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து அதைத் தட்டினேன். விரல் என்டர் மேல் இருந்தது. பின்னால் மங்கை வந்து நின்றாள்.

"என்னா பண்றீங்க?"

"மேல கம்ப்யூட்டர அணைக்கப் போறேன். பெட்டியும் போயிடும், வம்பும் போயிடும்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்தது கிடையாது.

"வாணாம். அதுக்குப் பின்னாடி என்னுது நிக்குது."

"என்னா நிக்குது?"

"அண்ணனுக்கு நான் அனுப்புனது. நாலு."

"பின்னாடி நிக்குதுன்னு தெரிஞ்சுமா அனுப்புன?"

"உங்களுத அழுத்துனா என்னுதப் பாக்கும்ல."

"மேல போயி நேர்லயே சொல்ல வேண்டியதுதான? பதினேழு படிதான இருக்கு."

"உங்கள விட்டுட்டு நான் மட்டும் போனா, தங்கச்சி வந்தா, மாப்ள வரலன்னு ஆயிடும். அப்புறம் அது எந்தக் காலத்துலயும் தீராது."

நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மச்சான் தூங்குகிறார், ஒரே வீடு, எதற்குச் சடங்கு என்றெல்லாம் நான் சொன்னது சாக்கு. அவர் அப்பா கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, அவர் முன்னால் இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம்கூட இல்லை, வீம்பு. பெட்டியில் சேதி அனுப்பினால் நிற்க வேண்டியதில்லை பாருங்கள்.

"வெத்தல இருக்கா?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழமையே வாங்கி ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்" என்றாள்.

பதினேழு படி

மச்சான் அப்போதுதான் எழுந்து, கைலியும் பனியனுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்பதுக்கு ஷிப்ட். கூடத்து மூலையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரை நடுவில் என் பெட்டி. என் எழுத்தை அடுத்தவர் கூடத்தில் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. கலா பாயை எடுத்துவரப் போனது. உட்காராமல், மங்கையும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"மச்சான், நித்யாவுக்கு ஞாயித்துக்கெழம நிச்சயம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

"'குடும்பத்துடன் வரவும்'னு போட்டிருக்கீங்களே மாப்ள. எங்கிருந்து வர்றது? மேலேருந்து கீழயா?"

"தப்புதான் மச்சான்."

"மஞ்சக்குப்பத்துக்குத் தட்டு போவுது. எனக்குப் பொட்டி வருது." காலி டம்ளரைக் கீழே வைத்தார். "தூங்குறேன்னு பாத்தா, ஒரு ஒதை ஒதைச்சு எழுப்பியிருக்கக் கூடாதா? நித்யா விஷயத்துக்கு எழுப்புனா வாணாம்னா சொல்லப் போறேன்?"

வெட்கமாக இருந்தது. தாம்பாளத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கலாவிடம் கொடுத்தார். பிறகு நேராகக் கணினியிடம் போய், நின்றபடியே என் பெட்டியில் ஓகேயை அழுத்தினார்.

உடனே அடுத்த பெட்டி வந்தது. ஞாயிறு இரவு அனுப்பியது. அவர் வாய்விட்டே படித்தார். "அண்ணே, கோவப்படாத. அவரு வேணும்னு செய்யல. நான் கூட்டிட்டு வரேன்."

அழுத்தினார். "டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்தவும்" என்று என் திங்கட்கிழமை வந்து நின்றது. கலா சிரித்துவிட்டது. மச்சானும் லேசாகச் சிரித்தார்.

அதற்கடுத்தது: "அண்ணே, நித்யா போன்ல மாமா என்னா சொன்னாருன்னு கேக்குது. என்னா சொல்லட்டும்?" மச்சான் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கும் அடுத்தது: "ரெண்டு நாளா படியில உன் செருப்புச் சத்தமே கேக்கல. கையில எடுத்துக்கிட்டா எறங்குற?" அவர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினார்.

கடைசிப் பெட்டியில் அன்றைய தேதி, பகல் பன்னிரண்டு மணி. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன்.

"நீ வரலன்னா எனக்கு இந்த நிச்சயம் வாணாம். நாளைக்குக் காலைல சிதம்பரத்துக்குப் போன் பண்ணி நிறுத்திடச் சொல்லப் போறேன். அவருகிட்ட இன்னும் சொல்லல."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் விரல் என்டர் மேல் இருந்தது. அழுத்தியிருந்தால் இந்த வரிகளை மச்சான் பார்த்திருக்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் நான் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். என் மகளின் நிச்சயம் நின்றுபோனது எனக்கு மாப்பிள்ளை வீட்டார் சொல்லித்தான் தெரிந்திருக்கும். மங்கை சொன்னால் செய்கிறவள்.

மச்சான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இத நான் அழுத்த மாட்டேன். எழுதுனவ வந்து அழுத்தட்டும்" என்றார்.

மங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். அதற்குப் பின்னால் வேறு பெட்டி இல்லை.

கலா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இறங்கினோம். பாதிப் படியில் நான் நின்றேன்.

"இவ்ளோ பெரிய முடிவ எடுத்திருக்க. ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க" என்றாள் மங்கை. கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் ஓடுகிறது என்பதைப் போலச் சொன்னாள்.

கத்த மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதையும் கத்தித்தான் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. பேசாமல் அவளுக்குப் பின்னால் இறங்கினேன்.